ஐப்பசி முதல் தை வரை: வீட்டுக் கொல்லையைக் காப்பது எப்படி?

மேல்நாடுகளில் குளிர்காலம் என்றால் தோட்டத்துக்குப் பகை குளிர்தான். மரம் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும், மண்ணே உறைந்துபோகும். நம் தாம்பரம், செம்பாக்கம் வட்டாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். அந்த அளவுக் குளிரைத் தென்னையும் வாழையும் தாங்கிக்கொள்ளும். இங்கே கொல்லை கெடுவது இரண்டு காரணங்களால். ஐப்பசி, கார்த்திகையில் வேரடியில் தேங்கும் நீர் ஒன்று. மார்கழி, தையில் பனியோடு சேர்ந்து வரும் பூச்சியும் பூஞ்சாணமும் மற்றொன்று.

செம்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் பகுதிகளில் வயல் பெரும்பாலும் மனையாகிவிட்டது. 2021 நவம்பரில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தும்விட்டது. ஆயினும் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து தென்னை, ஒரு வாழைக் குத்து, முருங்கை, எலுமிச்சை, அவரைப் பந்தல், ஒரு பசு, பத்துக் கோழி என்று வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. இவர்களுக்குக் கொல்லை என்பது அலங்காரமன்று. மாதச் செலவில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். குருத்தழுகினால் ஒரே மழைக்காலத்தில் அது போய்விடும்.

தண்ணீருக்கு வழி

சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு கிரவுண்டு நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 2,230 லிட்டர் நீர் விழுகிறது. 49 செ.மீ. என்றால் 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பதை ஒரே நாளில் உங்கள் கொல்லையில் கவிழ்த்தது போல ஆயிற்று. இது நேரே விழுந்த மழை மட்டும். தெருவிலிருந்தும் பக்கத்து மனைகளிலிருந்தும் வந்து சேர்ந்தது தனிக்கணக்கு.

இந்த வட்டாரத்து நீர் போகும் வழி பழையது. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். ஏரி பயிருக்குப் பாய்ந்த காலத்தில் இந்த வாய்க்கால்களுக்குக் காவல் இருந்தது. இன்று பல இடங்களில் அவை குறுகிக் கழிவுநீரும் கலந்து ஓடுகின்றன. போதாக்குறைக்குத் தெருச் சாலை போடப்படும் ஒவ்வொரு தடவையும் உயர்ந்துகொண்டே போகிறது, கொல்லை பள்ளமாகிவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போடவேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது. எங்கே சுரண்டினார்கள், எங்கே சுரண்டவில்லை என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்கே தெரியும்.

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் காற்று வெளியேறிவிடும். நீருக்குள் பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்குகிறது. பப்பாளிக்கு இரண்டு நாள் தேங்கினாலே ஆபத்து. பலா, முருங்கை, எலுமிச்சை, மல்லிகை ஆகியவையும் நீர்த்தேக்கத்தைத் தாங்காதவை. வாழை சில நாள் பொறுக்கும். தென்னை அதைவிடப் பொறுக்கும். ஆனால் வாரக்கணக்கில் நின்றால் அதுவும் மஞ்சளித்துக் குரும்பை உதிர்க்கும்.

வேர் அழுகும் செடியில் இலை வாடும், மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று நினைத்துப் பலர் அந்த ஈரத்திலேயே யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். அழுகும் வேரால் உரத்தை எடுக்க முடியாது. போட்டது கரைந்து கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போவதுதான் மிச்சம். முதலில் தண்ணீரை வடிக்கவேண்டும். மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேல்மண்ணைக் களைக்கொத்தால் இலேசாகக் கிளறிவிடவேண்டும். செடி மிகவும் சோர்ந்திருந்தால் லிட்டருக்கு 10 கிராம் யூரியா வீதம் கரைத்து, மழையில்லாத மாலையில் இலைமேல் தெளிக்கலாம். வேருக்கு உரம் புதுத் தளிர் வந்த பிறகுதான்.

வடிகால் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. வேலியோரமாக ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணை உள்பக்கம் போட்டு மேட்டுப்பாத்தி ஆக்கவேண்டும். எந்தப் பக்கம் சரிவு என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்கி அரைமணி நேரம் செலவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். மழை விட்டதும் இஞ்சினை வைத்துப் பக்கத்து மனைக்கு இறைத்துவிடுவது வழியாகாது. அடுத்த மழையில் அது திரும்பி வரும். நாலைந்து வீட்டார் சேர்ந்து பின்புறம் ஒரே வாய்க்காலாக எடுத்து மழைநீர் வடிகாலில் விடுவதே நிலைத்து நிற்கும்.

கொல்லை பள்ளமாயிற்று என்று இடித்த வீட்டுக் கட்டடக்கழிவைக் கொட்டி மேடாக்குகிறார்கள். தென்னை புதைந்த தூரிலிருந்து புதுவேர் விட்டு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மா, பலா, எலுமிச்சையின் தண்டைச் சுற்றி ஓர் அடி மண் ஏற்றினால் பட்டை அழுகி மரம் பட்டுப்போகும். மேடாக்கித்தான் தீரவேண்டும் என்றால் தண்டிலிருந்து மூன்று அடி விட்டுச் செங்கல்லைச் சுற்றி அடுக்கி, அதற்கு வெளியே மண் போடவும். உள்ளே நீர் நிற்காமல் ஒரு துளையும் வேண்டும்.

கூரைநீரைச் சேமிக்கும் தொட்டி 2003-ல் சட்டமானதிலிருந்து பல வீடுகளில் உண்டு. அது கூரைநீருக்கு மட்டுமே. தெருநீரை அதில் விட்டால் கழிவு கிணற்றுக்குப் போகும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டபின் அந்தக் குழி நீரை உறிஞ்சவும் செய்யாது. அதை நம்பி வடிகால் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது.

கிணற்றில் வெள்ளம் புகுந்திருந்தால் கலங்கல் நீரை முதலில் இறைத்து வெளியேற்றவேண்டும். பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 12,500 லிட்டர் இருக்கும். ஏறத்தாழ 31 கிராம் போதும். பவுடரை வாளி நீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்குக் காய்ச்சியே குடிக்கவும். கழிவுநீர் கலந்த வெள்ளம் நின்ற பாத்தியில் இருந்த கீரையை உண்ண வேண்டாம். பிடுங்கி எருக்குழியில் போட்டுவிடலாம்.

தென்னைக்குச் செய்யவேண்டியவை

மழைக்காலத்தில் தென்னைக்குப் பெரிய பகை குருத்தழுகல் நோய். குருத்தோலை முதலில் வெளிறி, பிறகு பழுப்பாகித் தொங்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் நாற்றமடிக்கும். கடைசிக் குருத்தும் அழுகிவிட்டால் மரத்துக்கு மறுபிறப்பு இல்லை. தென்னைக்கு ஒரே குருத்துத்தான். ஆகவே மழை தொடங்கியதிலிருந்து வாரம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது அவசியம். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் ஏறத்தெரிந்தவரை விட்டு, அழுகிய பாகத்தை நல்ல திசு தெரியும்வரை செதுக்கி எடுத்து, போர்டோ பசையைத் தடவி, மழைநீர் இறங்காமல் பழைய மண்சட்டி அல்லது பாலித்தீன் தாளால் மூடவேண்டும். புதுக் குருத்து வரும்வரை மூடி இருக்கட்டும். பக்கத்து மரங்களுக்கு 1 சத போர்டோ கலவையைக் குருத்தில் தெளிப்பது நல்லது.

போர்டோ கலவையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பிரான்சு நாட்டில் போர்டோ பகுதியில் திராட்சைத் தோட்டக்காரர்கள் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-ல் வெளியிட்டார். திருடனுக்காகச் செய்தது நோய்க்கு மருந்தாயிற்று.

100 கிராம் மயில்துத்தத்தைத் தூளாக்கி 5 லிட்டர் நீரில் கரைக்கவும். வேறொரு பாத்திரத்தில் 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பை நீற்றி 5 லிட்டராக்கி வடிகட்டவும். துத்தநீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்கவும். மாற்றி ஊற்றக் கூடாது. மண்பானை, மரம், பிளாஸ்டிக் ஆகியவையே ஏற்ற பாத்திரங்கள். இரும்பும் தகரமும் ஆகா. பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்தால், கத்தியில் செம்புநிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடவும். பசை வேண்டுமானால் அதே 100 கிராம் துத்தம், 100 கிராம் சுண்ணாம்புக்கு மொத்தம் 1 லிட்டர் நீர்தான். இந்தக் கலவை எலுமிச்சையில் வரும் சொறிநோய்க்கும், பப்பாளித் தூரழுகலுக்கு அடியில் ஊற்றவும் பயன்படும்.

காண்டாமிருக வண்டுக்கும் மழைக்காலமே கொண்டாட்டம். அது குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலை கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் இருக்கும். அந்தக் காயமே அழுகலுக்கும் வாசலாகிறது. வண்டு வளரும் இடத்தைத் தேடி வெளியே போகவேண்டியதில்லை; பெரும்பாலும் அது உங்கள் எருக்குழியில்தான் இருக்கிறது. புரட்டாசியிலும் மறுபடி தையிலும் எருக்குழியை அடிவரை புரட்டினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். கோழிகளை அவிழ்த்துவிட்டால் பாதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தை எருக்குழியில் கலந்துவிட்டால் புழுக்கள் நோய்ப்பட்டுச் சாகும். மரத்தில் உச்சியிலுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வைக்கலாம். பட்டுப்போன தென்னையை நிற்கவிட்டு வைக்காதீர்கள். அதன் மட்கிய தண்டிலும் வண்டு முட்டையிடும்.

தென்னைக்கு உரத்தை ஆனி-ஆடியில் ஒருமுறை, மார்கழி-தையில் ஒருமுறை எனப் பிரித்து இடுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. அதில் பாதியை இப்போது இடவேண்டும். தூரிலிருந்து 1.8 மீட்டர், அதாவது ஆறடி வட்டத்துக்குள் தூவிக் கொத்திவிடவும். தேங்கிய நீரில் போடாமல், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மட்டும் இருக்கும்போது போடவேண்டும். பொட்டாஷை மிச்சம் பிடிப்பவர் காயில் இழப்பார்.

காற்று அடிக்கும் முன்பு

2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முருங்கை முறியத்தான் செய்யும். அதன் கட்டை அவ்வளவு மென்மை. நீண்ட கொம்புகளை மழைக்கு முன்பே குறைத்துவிட்டால் மரமும் தப்பும், கூரையும் தப்பும். வெட்டிய வாயில் போர்டோ பசை தடவவும். தார் போட்ட வாழைக்கு இரண்டு சவுக்குக் கழிகளைக் கவையாகக் கட்டி, காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுக்கவேண்டும். வாழையின் அடியிலைகளில் புள்ளி விழுந்து கருகினால் அது இலைப்புள்ளி நோய். அந்த இலைகளை அறுத்து அப்புறப்படுத்தினாலே பெரும்பாலும் கட்டுப்படும்.

காய்ந்த மட்டை, தேங்காய் முற்றிய குலை ஆகியவற்றைப் புயல் எச்சரிக்கை வந்தபிறகு இறக்க ஆள் கிடைக்காது. முன்னதாகவே இறக்கவும்.

இறக்கிய மட்டையை வேலியோரம் குவித்து வைப்பது வழக்கம். மழையில் வளை நிரம்பியதும் பாம்பு வந்து அடையும் இடம் அதுதான். மட்டையை மேடான இடத்தில் கல்லின்மேல் அடுக்கவும். இரவில் விளக்கில்லாமல் கொல்லைக்குப் போகவேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்துக் கொடுப்பது நம் மாவட்டத்திலேயே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்பது பலருக்குத் தெரியாது.

தேங்காய்த் தொட்டி, உடைந்த சட்டி, பழைய டயர், உரல் குழி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்க்கவும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை என்பது அந்தக் கணக்கில்தான். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. எலியின் மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் வரும். மழைக்குப்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் கடையில் மாத்திரை வாங்கிப் பொழுதைப் போக்காமல் மருத்துவரைப் பார்க்கவும். தண்ணீரில் நின்றதையும் சொல்லவும்.

நத்தையும் பெருகிவருகிறது. இந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை நம் நாட்டது அன்று. 1847-ல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டது பெருகி நாடெங்கும் பரவிற்று. உப்பைத் தூவினால் நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து அதன்கீழ் பப்பாளி இலையைப் போட்டுவைத்தால் விடியற்காலையில் கூட்டமாக அடைந்திருக்கும். கையில் உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, உப்பு நீர் வாளியில் போட்டுப் பிறகு குழியில் புதைக்கவும். வெறுங்கையால் தொடக் கூடாது.

கால்நடைக்கு இந்தப் பருவத்தில் காய்ந்த தரையே பாதி மருந்து. பூஞ்சை பிடித்த வைக்கோலையும் பிண்ணாக்கையும் வீணாகிறதே என்று மாட்டுக்குப் போடவேண்டாம். அதிலுள்ள நச்சு பாலுக்கும் வரும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளவும். நோய் வந்தபின் சிகிச்சை கிடையாது. மற்ற ஐயங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

பனி இறங்கிய பிறகு

மார்கழியில் அவரை நன்றாகப் பூக்கும். அதே பனியில் அசுவினியும் கொடியின் நுனியில் கறுப்பாக அப்பும். பொறிவண்டு நடமாட்டம் தென்பட்டால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம். அதுவே தின்று தீர்த்துவிடும். இல்லாவிட்டால் 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, 20 கிராம் காதிச் சோப்பைக் கரைத்துச் சேர்த்துத் தெளிக்கவும். முருங்கைத் தண்டில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாகப் படிந்திருக்கும்போது சோப்பு நீரை விசையாக அடித்துத் தள்ளி அழிப்பது சுலபம்; கிளைக்கு ஏறிவிட்டால் கடினம்.

இந்தப் பருவத்தில் வேப்பமரம் நுனி கருகி, தீயில் வாட்டியது போல நிற்பதைக் கண்டு பலர் பயந்து வெட்டிவிடுகிறார்கள். ஒருவகைப் பூஞ்சாணமும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை இது. காய்ந்த நுனிகளை எட்டியவரை வெட்டி எரித்தால் போதும். பங்குனியில் பெரும்பாலான மரம் துளிர்த்துவிடும்.

மற்றச் சருகை எரிக்கவேண்டாம். போகியன்று கொளுத்தும் புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்களே தாமதமான ஆண்டுகள் உண்டு. நோயில்லாத சருகைத் தென்னை, வாழைத் தூரைச் சுற்றி நான்கு அங்குலம் பரப்பினால் மாசி, பங்குனி வெயிலில் மண் ஈரம் காக்கும். தண்டைத் தொடாமல் அரை அடி விட்டுப் பரப்பவும்.

குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யவேண்டும். அந்த நேரம் அடைமழையாக இருந்தால் சில நாள் தள்ளிப் போடலாம்.

மாமரத்துக்குக் கார்த்திகை மழை ஓய்ந்தபின் பூ வரும்வரை தண்ணீர் கட்டக் கூடாது. கட்டினால் பூவுக்குப் பதில் தளிர் வரும். பூங்கொத்து நீளும்போது வெள்ளைத் தூள் படிந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கவும். கொத்தைத் தட்டினால் சிறு தத்துப்பூச்சிகள் தெறித்தால், மேலே சொன்ன வேப்பங்கொட்டைச் சாற்றை அடிக்கலாம். இரண்டையும் பூ விரியும் முன் முடிக்கவும். விரிந்தபின் தெளித்தால் தேனீயும் ஈயும் வராது, காய் பிடிக்காது. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் முதல் தண்ணீர் விடலாம்.